வெண்டைக்காய் மூச்சு விடுகிறது!

இன்று ராத்திரி தூங்கப் போகும் முன் ஒரு சோதனை செய்து வைப்போமா?

வாய் அகலமாக, மூடி இறுகப் பொருந்துகிற கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டு வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஒரு சின்னக் கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, அசைக்காமல் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் இந்த வேலையை அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

ஒரு பாட்டிலுக்குள் கிண்ணத்தை மட்டும் வையுங்கள். இன்னொன்றில் கிண்ணத்தோடு பத்துப் பதினைந்து வெண்டைக்காய்களையும் வையுங்கள். இரண்டையும் இறுக மூடிவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் பல் தேய்க்கும் முன் பார்த்துவிடுங்கள். காய் இல்லாத பாட்டிலில் சுண்ணாம்புத் தெளிவு ஏறக்குறைய நேற்று இருந்தபடியே இருக்கும். மிஞ்சிப்போனால் மேலே மெல்லிய ஏடு கட்டியிருக்கும். வெண்டைக்காய் இருந்த பாட்டிலில் தெளிவு வெளுத்துக் கலங்கி, மேலே வெள்ளை ஏடு தடிப்பாகப் படர்ந்திருக்கும். கண்ணாடியின் உட்புறம் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் நிற்கும்.

சுண்ணாம்புத் தெளிநீரை வெளுக்கச் செய்வது கரியமில வாயு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓர் உறிஞ்சுகுழாய் வழியாக நாம் ஊதினாலும் அது வெளுக்கும். அப்படியானால் ராத்திரி முழுக்க அந்தப் பாட்டிலுக்குள் ஊதிக்கொண்டிருந்தது யார்? வெண்டைக்காய்தான்!

கையிருப்பில் பிழைப்பு

செடியிலிருந்து பறித்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, சந்தையில் கொட்டி, எடை போட்டு நம் வீட்டுக்கு வந்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது சுவாசிக்கிறது. தனக்குள் இருக்கும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்துச் செலவழிக்கிறது. அப்போது கரியமில வாயு, தண்ணீர், வெப்பம் மூன்றும் வெளியேறுகின்றன.

செடியில் இருந்தவரை கவலை இல்லை. சர்க்கரையை இலை அனுப்பியது. தண்ணீரை வேர் அனுப்பியது. பறித்த நொடியிலேயே இரண்டு வரவும் நின்றுவிட்டன. செலவு மட்டும் நிற்கவில்லை. கையிருப்பு குறையக் குறையக் காய் வாடுகிறது, சுவை குன்றுகிறது, நார் ஏறுகிறது. கடைசியில் கிருமிகளை எதிர்க்கும் தெம்பும் போய் அழுகிவிடுகிறது. காய்கறியைப் பத்திரப்படுத்துவது என்றால் வேறொன்றும் இல்லை, இந்தச் செலவை மெதுவாக்குவதுதான்.

எல்லாக் காயும் ஒரே வேகத்தில் செலவழிப்பதில்லை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ வெண்டைக்காய் ஒரு மணி நேரத்தில் விடும் கரியமில வாயு, அதே எடையுள்ள முற்றிய உருளைக்கிழங்கு விடுவதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். வெண்டைக்காய் இரண்டே நாளில் துவண்டுபோக, உருளைக்கிழங்கு வாரக்கணக்கில் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெப்பம் கூடினாலும் வேகம் கூடும். பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுவாச வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும். ஒரு கணக்குப் போடுங்கள். மே மாதத்துச் சமையலறை 38 டிகிரி. ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு 8 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடையில் மூன்று பத்து. இரண்டு மடங்கு என்று குறைவாக வைத்தாலும் 2 × 2 × 2 = 8. குளிரில் எட்டு நாள் செலவழிப்பதை வெக்கையில் ஒரே நாளில் காய் தீர்த்துவிடும்.

உயிர் இருப்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பறித்த முட்டைக்கோசை 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கோசு பகலையும் இரவையும் கண்டுகொண்டது! பூச்சியை விரட்டும் வேதிப்பொருள் நேரம் பார்த்துக் கூடியது, குறைந்தது. கோசைத் தின்னும் புழுக்களின் பகலோடு தன் பகல் ஒத்துப்போன கோசை அவை குறைவாகவே தின்றன. நேரம் மாறிப்போன கோசைப் புழுக்கள் வெளுத்துக் கட்டின.

செடியில் உனக்கு என்ன வேலை?

உயிருள்ளவை என்று தெரிந்துவிட்டது. இனி அவற்றை எங்கே, எப்படி வைப்பது? வீட்டில் இருபது வகைக் காய் வாங்கினால் இருபது விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு காயையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘செடியில் உனக்கு என்ன வேலை?’

கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாம் இலைகள். வெயிலையும் காற்றையும் வாங்கி உணவு தயாரிப்பது அவற்றின் வேலை. வெண்டை, பீன்ஸ், வெள்ளரி, கத்தரி எல்லாம் வளரும் பருவத்திலேயே பறிக்கப்பட்ட இளங்காய்கள். தக்காளி பழம், பழுத்துச் சிவந்து, தின்ன வருகிறவர்கள் மூலம் விதையைப் பரப்புவது அதன் வேலை. கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் மூன்றும் செடி பின்னாளுக்கென்று உணவு சேர்த்துவைக்கும் இடங்கள். கேரட் வேர், உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு, வெங்காயம் சதைப்பிடிப்பான இலைகளின் அடுக்கு.

வேலை தெரிந்தால் வைக்க வேண்டிய இடமும் தெரிந்துவிடும். வரிசையாகப் பார்ப்போம்.

இலைகள்: தண்ணீர்தான் எலும்பு

முளைக்கீரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கீரை நிமிர்ந்து நிற்பதற்குக் காரணமே அந்தத் தண்ணீர்தான். சைக்கிள் டியூபில் காற்று அடித்ததும் விறைப்பாகிறதே, அதுபோல ஒவ்வொரு செல்லும் உள்ளே நிறைந்த தண்ணீரால் விறைப்பாக நிற்கிறது. தண்ணீர் போனால் துவண்டு தொங்கும். நூறு கிராம் கீரையில் ஐந்து கிராம் தண்ணீர் குறைந்தாலே போதும், வாட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

போகிற வழி எது? இலையின் பரப்பில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் ஏராளம். காற்று உள்ளே வரவும் நீராவி வெளியே போகவும் அவைதாம் வாசல். இலையின் வேலைக்கு அந்த வாசல்கள் அவசியம். ஆனால் பறித்த பிறகு அவற்றின் வழியாகவும், மெல்லிய தோலின் வழியாகவும் நீர் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால் கீரை கேட்பவை இரண்டு: குளிர், அதோடு ஈரமான காற்று.

‘ஃபிரிட்ஜில் அப்படியே வைத்தேன், கீரை சருகாகிவிட்டதே’ என்று பாட்டி கேட்பார். ஃபிரிட்ஜுக்குள் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த குழாய்களில் படிந்து உறைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் காற்று வறண்ட காற்று. மூடாமல் வைத்த கீரையிலிருந்து அது ஈரத்தை இழுக்கும்.

சரி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால்? பாட்டிலில் பார்த்தோமே, அந்தத் துளிகள் பைக்குள்ளும் கட்டும். நீர்த்துளி நிற்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, இலை கொழகொழவென்று அழுகிவிடும். காற்றில் ஈரம் இருக்க வேண்டும்; இலைமேல் நீர் நிற்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கீரைக்கட்டு வந்ததும் கட்டியிருக்கும் நாரை அவிழ்த்து விடுங்கள். இறுகக் கட்டிய இடத்தில்தான் நசுங்கலும் சூடும் சேரும். பழுத்தது, நசுங்கியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மண்ணை உதறுங்கள், கழுவ வேண்டாம், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். சுத்தமான பருத்தித் துணியை நனைத்து, சொட்டு விடாமல் நன்றாகப் பிழிந்து, அதில் கீரையைச் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். துவைத்த மஞ்சப்பை இதற்கு அருமையாக உதவும். செய்தித்தாளில் சுற்றுவது பல வீடுகளில் வழக்கம். ஆனால் அச்சு மை உணவில் படுவது உடம்புக்கு ஆகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. துணியே மேல்.

கொத்தமல்லியை வேரோடு வாங்கினால், டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வேரை அதில் நிறுத்துங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். கறிவேப்பிலையை உருவி, நிழலில் ஈரம் போக ஆறவிட்டு, அடியில் துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பல நாள் கறுக்காமல் இருக்கும்.

வாடிய கொத்தமல்லியைத் தூக்கி எறியாதீர்கள். தண்டின் அடிநுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் ஏறி, செல்லுக்குள் இருக்கும் உப்பும் சர்க்கரையும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். தலை நிமிரும்! மஞ்சளாகிப் போனது மட்டும் திரும்பப் பச்சையாகாது. அங்கே பச்சையமே சிதைந்துவிட்டது.

இளங்காய்கள்: அவசரக்காரர்கள்

வெண்டையும் பீன்ஸும் பறிக்கும் நாளில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தவை. வளர்கிற உயிருக்கு மூச்சும் வேகம்தான். அதனால் இவற்றை வாங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுவதே நல்லது.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. ‘குளிர் நல்லது’ என்றோமே, இவற்றுக்கு மிதமிஞ்சிய குளிர் ஆகாது. வெண்டை, கத்தரி, வெள்ளரி எல்லாம் வெப்பநாட்டுச் செடிகள். 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால், இவற்றின் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு இறுகிப்போய் ஓட்டை விடத் தொடங்கும். உள்ளே இருக்க வேண்டியது வெளியே கசியும். தோலில் சின்னச் சின்னக் குழிகள் விழும். நீர் கோத்த புள்ளிகள் தெரியும். விஞ்ஞானிகள் இதைக் குளிர்க்காயம் என்கிறார்கள்.

ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கிடந்த கத்தரிக்காயை அம்மா நறுக்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். வெளியே தோல் பளபளவென்று இருக்கும். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய சதை பழுப்பேறி, வெளிர்நிறமாக இருக்க வேண்டிய விதைகள் கறுத்திருக்கும். பூச்சி அரித்த தடமோ ஓட்டையோ இருக்காது. குளிர் செய்த வேலை அது.

அதற்காக வெண்டைக்காயை 38 டிகிரி வெக்கையில் போடவும் முடியாதே! ஃபிரிட்ஜில் குளிர் குறைவான இடத்தைத் தேடுங்கள். பல ஃபிரிட்ஜ்களில் அது கீழே உள்ள காய்கறித் தட்டு. ஈரத்தைத் துடைத்து, துணிப்பையில் போட்டு, அங்கே வைத்து, சீக்கிரம் சமைத்துவிடுங்கள். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு டப்பாவில் போடுவது பல வீடுகளில் வழக்கம். ஈரம் தங்கி முதலில் பூஞ்சை பிடிப்பது காம்பைச் சுற்றித்தான்.

பழம்: காற்றில் அனுப்பும் சேதி

1901-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்ஜுபோவ் என்ற ஆய்வாளர் பட்டாணி நாற்றுகளை வளர்த்துக்கொண்டிருந்தார். வெளிக்காற்றில் நேராக வளர்ந்த நாற்றுகள், ஆய்வுக்கூடத்துக் காற்றில் குட்டையாகத் தடித்து, பக்கவாட்டில் படுத்து வளர்ந்தன. ஏன்? அந்தக் காலத்தில் விளக்கு எரிக்கக் குழாயில் எரிவாயு வரும். அதிலிருந்து கசிந்த எத்திலீன் என்ற வாயுதான் நாற்றுகளைக் கோணலாக்கியது என்று அவர் கண்டுபிடித்தார். 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் என்பவர், பழுக்கும் பழங்களே எத்திலீனை உண்டாக்குகின்றன என்று நிரூபித்தார்.

எத்திலீன் என்பது பழங்களின் சேதி. ‘நான் பழுக்கிறேன், நீயும் பழு!’ சேதி கிடைத்த பக்கத்துப் பழம் பழுக்கத் தொடங்கும். அதுவும் எத்திலீனை விடும். நம் ஊரில் வாழைத்தாரை மூடிய அறையில் வைத்துப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைத்தார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. பெயர் தெரியாமலேயே அதை வேலை வாங்கியிருக்கிறார்கள்!

செய்து பாருங்கள்: பச்சையாக, சிவக்கத் தொடங்காத தக்காளி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டைத் தனியாக ஒரு பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். மற்ற இரண்டை நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு இன்னொரு பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். தினமும் திறந்து பார்த்து, நிறத்தை நோட்டில் எழுதுங்கள். எது முந்திச் சிவக்கிறது?

தக்காளிக்கும் வாழைக்கும் நல்ல சேதி, மற்றவர்களுக்குக் கெட்ட சேதி. எத்திலீன் பட்டால் கீரையும் வெள்ளரியும் சீக்கிரம் மஞ்சளாகும். கேரட் கசக்கத் தொடங்கும். ஆகவே ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த மாம்பழம் இருக்கும் கூடையில் காய்கறிகளைப் போடாதீர்கள்.

தக்காளியை எங்கே வைப்பது? செங்காயாக இருந்தால் வெயில் படாமல், வெளியிலேயே கூடையில் பரப்பி வையுங்கள். தக்காளியின் தோலில் இலைத்துளைகள் கிடையாது. மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது. ஒன்றை எடுத்துக் காம்பு இருந்த இடத்தை உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். பறித்த பிறகு தக்காளி மூச்சு விடுவதும் தண்ணீரை இழப்பதும் பெரும்பாலும் அந்தத் தழும்பின் வழியாகத்தான். தழும்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் நீர் இழப்பு குறையும்.

நன்றாகப் பழுத்ததை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டொரு நாளில் தீர்த்துவிடலாம். நீண்ட நாள் வேண்டாம். 2016-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துச் சோதித்தார்கள். மணம் தரும் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் குளிரில் அடங்கிப்போயிருந்தன. வெளியே எடுத்து வைத்த பிறகும் பழைய மணம் முழுதாகத் திரும்பவில்லை.

மண்ணுக்குள் இருந்தவை: பொறுமைசாலிகள்

கேரட், உருளை, வெங்காயம் மூன்றும் காத்திருப்பதற்கென்றே உருவானவை. அடுத்த முளை வரும்வரை உணவைக் காப்பதுதான் அவற்றின் வேலை. ஆனால் மூன்றும் காத்திருக்கும் விதம் மூன்று.

கேரட்டைத் தழையோடு வாங்கினால் வந்ததும் தழையை வெட்டிவிடுங்கள். இலைக்குத் தண்ணீர் கேட்கும் பழக்கம் போகாது. வேரிலிருந்து உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கேரட் ரப்பராக வளையும். முள்ளங்கிக்கும் பீட்ரூட்டுக்கும் இதே கதைதான். வெட்டிய தழையைப் பொரியல் செய்யலாம். ஊட்டிக் கேரட் நீலகிரியிலேயே இயந்திரத்தில் கழுவித்தான் சந்தைக்கு வருகிறது. அப்போது மண்ணோடு மேல்தோலும் கொஞ்சம் உரசிப் போயிருக்கும். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்தைத் துடைத்து, துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்நாட்டுப் பயிர் என்பதால் குளிருக்கு அது அஞ்சாது.

உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். அது தண்டு அல்லவா? வெளிச்சம் பட்டால் ‘மண்ணுக்கு மேலே வந்துவிட்டோம்’ என்று பச்சையம் தயாரிக்கத் தொடங்கும். பச்சையம் கெடுதல் செய்யாது. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் போன்ற கசப்பான நச்சுப்பொருள்களும் தோலுக்கடியில் கூடும். விலங்குகள் தின்றுவிடாமல் இருக்கச் செடி செய்துகொள்ளும் காவல் அது. பச்சையான பகுதியையும் முளையையும் ஆழமாக வெட்டி எறிய வேண்டும். நிறையப் பச்சையாக இருந்தால், அல்லது வாயில் கசந்தால், முழுசாகவே வேண்டாம்.

உருளையை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? அங்கே அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வறுக்கும்போது அந்தச் சர்க்கரை சீக்கிரம் கருகி, சிப்ஸ் கறுத்துப்போகும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அப்போது கூடுதலாக உண்டாகும். அதனால் சணல் பையில் போட்டு, அலமாரியின் அடித்தட்டில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள்.

வெங்காயத்துக்கு வேண்டியது வறட்சியும் காற்றோட்டமும். நல்ல வெங்காயம் ஒன்றைக் கையில் எடுத்து அதன் கழுத்தைப் பாருங்கள். தாள் நன்றாகக் காய்ந்து, கழுத்து மெலிந்து இறுக மூடியிருக்கும். கிருமிகளுக்கு நுழைய வழி இல்லை. கழுத்து தடித்து, உள்ளே பச்சை தெரிகிற வெங்காயம் முதலில் அழுகும். அதை முதலில் சமையுங்கள். சரசரக்கும் மேல்சருகும் சும்மா இல்லை. நிறமுள்ள வெங்காயச் சருகிலிருந்து பூஞ்சையைத் தடுக்கும் கேட்டகால் என்ற பொருளை 1933-இல் லிங்க், வாக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். உரித்து வைக்காதீர்கள்; சருகு இருக்கட்டும்.

சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர்ப் பக்கம் விவசாயிகள் வயலோரம் பட்டறை போட்டு வெங்காயத்தைக் காப்பார்கள். தரையிலிருந்து உயர்த்தி, நீளமாக, ஆனால் அகலம் குறைவாகக் கட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் இடைவெளி, மேலே கூரை. ஒரு பக்கம் நுழையும் காற்று வெங்காயத்தின் ஊடே புகுந்து மறுபக்கம் போய்விடும். மூச்சுவிடும்போது வரும் ஈரமும் சூடும் தங்காது. நம் வீட்டில் கம்பிக்கூடையும் வலைப்பையும் செய்வது அந்தப் பட்டறையின் வேலைதான்.

உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடலாமா? கூடாது. உருளை ஈரக் காற்றை விரும்பும். வெங்காயம் அதில் அழுகும். இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள்.

மின்சாரம் இல்லாத ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? மண்பானை இருக்கிறதே! பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் தேவை. அதைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அத்தனை வெப்பத்தை இழந்தால் அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்துவிடும். ஒரே ஒரு கிராம் செய்கிற வேலை இது!

நைஜீரியாவில் மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காக முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இந்த அறிவியலைக் கையிலெடுத்தார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. அவ்வளவுதான். மூன்று நாளில் கெட்டுப்போகும் கத்தரிக்காய் அதில் 27 நாள் தாங்கியது என்றார். அந்தப் பானைக்காக 2000-இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. அதற்கு முன்பே, 1980-களில், டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ராய், குர்தியா என்ற விஞ்ஞானிகள் செங்கல்லில் இதே முறையில் குளிர் அறை கட்டினார்கள். இரட்டைச் சுவர், இடையில் ஏழரை சென்டிமீட்டர் ஆற்றுமணல். மணலுக்குத் தண்ணீர் விட்டால் போதும். கோடையில் வெளியே இருப்பதைவிட உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறையும்.

நீங்களும் செய்யலாம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு மண்சட்டிகள். பெயின்ட் அடித்ததோ மெருகு பூசியதோ கூடாது, துளை அடைபட்டுவிடும். இடையில் மணல் நிரப்பி நனைத்து, காற்று வரும் நிழலில் வையுங்கள். உள்ளே ஒரு வெப்பமானி, வெளியே ஒரு வெப்பமானி. மதியம் மூன்று மணிக்கு இரண்டையும் பாருங்கள். வேலூரிலோ திருச்சியிலோ இருப்பவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். சென்னைக் கடற்கரைப் பக்கம் இருந்தால் குறைவாகத்தான் தெரியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் சட்டியின் நீர் எங்கே போய் ஆவியாகும்? வெங்காயத்தை மட்டும் இதற்குள் வைத்துவிடாதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இந்த வாரம் உங்கள் பொறுப்பு

சந்தையிலிருந்து பை வந்ததும் நீங்களே பிரித்துப் போடுங்கள். அடிபட்டது, கீறல் விழுந்தது எல்லாவற்றையும் தனியாக எடுத்து அன்றைக்கே சமைக்கச் சொல்லுங்கள். காயம் பட்ட காய் வேகமாக மூச்சு விடும். எத்திலீனையும் கூடுதலாக விடும். கிருமிக்கும் கதவு திறந்திருக்கும். பிறகு சமையல் வரிசையை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். முதல் இரண்டு நாள் கீரையும் வெண்டையும். அடுத்து பீன்ஸ், கத்தரி, வெள்ளரி. அதன் பிறகு கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு. கடைசியில் உருளையும் வெங்காயமும்.

இனி ஒரு புதிர். முழு வெண்பூசணியைத் தொட்டால் கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டும். அது மெழுகு. காய் நன்றாக முற்றிய பிறகுதான் அறுவடை செய்திருக்கிறார்கள். தோல் கெட்டியாக இருக்கிறது. ஃபிரிட்ஜிலும் இடம் இல்லை. அதை எங்கே வைப்பீர்கள்? எத்தனை நாள் தாங்கும்? அந்தப் பொடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் என்ன ஆகும்? ‘செடியில் உனக்கு என்ன வேலை?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பதிலைக் காரணத்தோடு எழுதி, முதலில் வீட்டில் சமைப்பவரிடம் காட்டுங்கள். அவர் வேறு பதில் சொன்னால் இரண்டு சின்னப் பூசணி வாங்கி, ஒன்றைத் துடைத்தும் ஒன்றைத் துடைக்காமலும் வைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.